நர்சிங் பட்டப்படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"ஊசி போடக் கத்துக்க நாலு வருஷமா?" நான் நர்சிங் சேர்ந்தபோது உறவினர் ஒருவர் கேட்டது இது. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஊசி போடுவதை ஒரே மதியத்தில் சொல்லித் தந்துவிடுவார்கள். அந்த ஊசியை இவருக்கு இப்போது போடலாமா, போட்ட பிறகு இவரிடம் எதைக் கவனிக்க வேண்டும், ஏதோ சரியில்லை என்று பட்டால் யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைக் கற்கத்தான் மீதிக் காலம் முழுவதும் போகிறது.

பாடப் பட்டியலைப் பார்த்தால் முதலில் மலைப்பாக இருக்கும். உடற்கூறியல், நுண்ணுயிரியல், மருந்தியல், உளவியல், புள்ளியியல் என்று வேறு வேறு ஊர்க்காரர்கள் ஒரே வண்டியில் ஏறியதுபோல் தோன்றும். அவை எல்லாம் ஒரு கட்டிலின் பக்கத்தில் வந்து சேர்வதைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் பாதி பயம் போய்விடும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் படிப்பின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இளங்கலை நர்சிங் சில நாடுகளில் 3 ஆண்டு, சில நாடுகளில் 4 ஆண்டு. பாடங்களின் பெயரும் வரிசையும் கொஞ்சம் மாறும், உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். படிப்பு மூன்று இடங்களில் நடக்கும்: வகுப்பறை, பொம்மை நோயாளிகள் படுத்திருக்கும் ஸ்கில் லேப், அப்புறம் உண்மையான வார்டு. வார்டுக்கு அனுப்புவதைப் போஸ்டிங் என்பார்கள். மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம், சமூகம் என்று சில வாரங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

வார்டில் எவ்வளவு நேரம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு: ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொது நர்சிங் பயிற்சி குறைந்தது 4,600 மணி நேரம். அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடியாகச் செய்யும் கிளினிக்கல் பயிற்சியாக இருக்க வேண்டும். அதாவது பாதிப் படிப்பு நின்றுகொண்டே நடக்கிறது. பாடத்திட்டத்தைக் கையில் வாங்கியதும் பாடப் பெயர்களைப் பார்ப்பதற்கு முன்னால் கிளினிக்கல் மணி நேரம் என்ற கட்டத்தைப் பாருங்கள். எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று யோசிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: "போஸ்டிங் எங்கே, எத்தனை கட்டில் உள்ள இடத்தில், கூட இருந்து சொல்லித்தர யார் வருவார்கள்?" கட்டடம் எவ்வளவு பெரிது என்பது அதற்கு அப்புறம்.

டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்பார்கள். கட்டில் பக்கத்து வேலை இரண்டிலும் உண்டு. பட்டப்படிப்பில் ஆராய்ச்சி, புள்ளியியல், நிர்வாகம், கற்பிக்கும் முறை, சமூக நலம் ஆகியவை ஆழமாக வரும். மேற்படிப்புக்கும் அது அடித்தளம்.

2. அறிவியல் பாடங்கள்: கட்டிலை மனதில் வைத்துப் படியுங்கள்

முதல் ஆண்டில் உடற்கூறியலும் உடலியங்கியலும்தான் பெரும்பாலோரைத் திணறடிப்பவை. 206 எலும்புகளின் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறப்பது வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன், பிறகு அவஸ்தைப்பட்டேன். வேறு வழி இருக்கிறது. எந்த உறுப்பைப் படித்தாலும் "இது தெரியாவிட்டால் வார்டில் என்ன தவறு செய்வேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, பிட்டத்தின் உள்ளே சியாட்டிக் நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று படமாகப் படிக்கும்போது அது வெறும் கோடு. அங்கே தவறான இடத்தில் ஊசி இறங்கினால் நோயாளியின் கால் மரத்துப்போகலாம், பலமிழக்கலாம் என்று தெரிந்தால் அந்தக் கோடு மறக்காது. இடுப்பின் பக்கவாட்டுத் தசையைப் பாதுகாப்பான இடமாகச் சொல்லித் தருவதற்குக் காரணமும் பெரிய நரம்பும் பெரிய ரத்தக்குழாயும் அங்கிருந்து தள்ளி இருப்பதுதான். தசைக்குள் போடும் ஊசி 90 பாகையில், தோலுக்கு அடியில் போடுவது பெரும்பாலும் 45 பாகையில், தோலின் மேலடுக்கில் போடுவது 10 முதல் 15 பாகைச் சாய்வில் என்று லேபில் சொல்வார்கள். தோலின் அடுக்குகளை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இந்த எண்களை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

நுண்ணுயிரியலும் அப்படித்தான். 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செமல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் நுழையும் முன் குளோரின் கலந்த நீரில் கையைக் கழுவ வைத்தார். பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார்களின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. கிருமிக் கோட்பாடு நிலைபெறுவதற்கு முன்பே நடந்தது இது. அவர் காலத்தில் பலர் நம்பவில்லை என்பது வேறு கதை. இன்று உலக சுகாதார நிறுவனம் கை கழுவ ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கட்டில் கம்பியைத் தொட்டால் கை அழுக்காகிவிட்டது என்று தோன்றுவதில்லை, அதனால்தான். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கட்டைவிரலையும் விரல் நுனியையும் விடாதீர்கள்.

உயிர்வேதியியல், ஊட்டச்சத்து, சமூகவியல், உளவியல் எல்லாம் இதே காலத்தில் வரும். உளவியலை எளிதான பாடம் என்று ஒதுக்குபவர்கள் மனநல வார்டில் போய் முழிப்பார்கள்.

3. அடிப்படை நர்சிங்: சின்ன வேலைகள், பெரிய கவனிப்பு

இதுதான் படிப்பின் இதயம் என்பேன். படுக்கை விரிப்பது, குளிப்பாட்டுவது, வாய் சுத்தம், திருப்பிப் படுக்க வைப்பது, வெப்பநிலை, நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்ப்பது. "இதற்கா பட்டப்படிப்பு?" என்று முதல் மாதம் எரிச்சல் வரும்.

படுக்கையிலேயே குளிப்பாட்டும் அரை மணி நேரத்தில் நோயாளியின் முழு உடலும் உங்கள் கண்முன் வருகிறது. முதுகின் அடியில், வால் எலும்பு மேல், தோல் சிவந்திருக்கிறது. விரலால் அழுத்தி எடுக்கிறீர்கள். சிவப்பு ஒரு கணம் வெளுத்துத் திரும்பினால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் இந்த நிறமாற்றம் சரியாகத் தெரியாது. அங்கே சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, வலிக்கிறதா என்று தொட்டும் கேட்டும் பார்க்க வேண்டும். படுக்கைப் புண் வரும் ஆபத்தை மதிப்பிடப் பிரேடன் அளவுகோல் என்று ஒன்று படிப்பீர்கள். 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து அதிகம்.

ரத்த அழுத்தம் பார்க்கக் கைப்பட்டை சரியான அளவில் இருக்க வேண்டும். பருமனான கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் பொய்யாக உயர்ந்து காட்டும். கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். கருவி எண் காட்டுகிறது என்பதற்காக அந்த எண் உண்மையாகிவிடாது.

மூச்சு எண்ணிக்கை பற்றி ஒரு நடந்த சம்பவத்தைச் சொல்ல வேண்டும். நான் இரண்டாம் ஆண்டு மாணவியாக இருந்தபோது ஒரு வார்டில் காலை அளவுகளை எடுத்தேன். சார்ட்டில் மூச்சு என்ற வரிசையில் முந்தைய கட்டங்கள் எல்லாவற்றிலும் 20, 20, 20 என்று இருந்தது. நானும் 20 என்று எழுதினேன். சீனியர் சிஸ்டர் பின்னால் வந்து நின்று சார்ட்டைப் பார்த்தார். "இது எண்ணினதா, எழுதினதா?" என்று கேட்டார். நான் பேசவில்லை. திட்டவில்லை அவர். நோயாளியின் மணிக்கட்டை நாடி பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு, பார்வையை மட்டும் மார்பின் மேல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணச் சொன்னார். 32 வந்தது. பெரியவர்களுக்கு இயல்பு 12 முதல் 20. மருத்துவருக்கு உடனே சொல்லப்பட்டது. அன்று மாலைக்குள் அந்த நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். உடல்நிலை கெடும்போது பெரும்பாலும் மூச்சுதான் முதலில் மாறும், ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும் என்று புத்தகத்தில் ஏற்கெனவே படித்திருந்தேன். படித்து என்ன?

நாடி பார்ப்பதுபோல் பிடிப்பது எதற்கு என்றால், மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். விநாடி முள் உள்ள வாட்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். பல இடங்களில் மணிக்கட்டில் எதுவும் கட்டக் கூடாது, சட்டையில் குத்திக்கொள்ளும் வகையே நல்லது.

4. மருந்தியலும் கணக்கும்: இங்கே அவசரப்படாதீர்கள்

கணக்கு பிடிக்காததால் நர்சிங் எடுத்தேன் என்று சொல்பவர்கள் உண்டு. பாவம், இங்கேயும் கணக்கு இருக்கிறது. கடினமான கணக்கு இல்லை, பெருக்கலும் வகுத்தலும்தான். ஆனால் பத்து மடங்கு தவறினால் அது மதிப்பெண்ணோடு போகாது.

மருந்தியலில் மருந்துகளைக் குழுக்களாகப் படிப்பீர்கள். ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது, பக்கவிளைவு என்ன, கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்று. டிஜாக்சின் என்ற இதய மருந்தைக் கொடுக்கும் முன் இதயத்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது பழைய, நல்ல உதாரணம். குழுவாகப் படியுங்கள், தனித்தனி மாத்திரையாகப் படித்தால் ஆயுள் போதாது. கொடுக்கும்போது ஐந்து சரிபார்ப்பு: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் "நீங்கள்தானே?" என்று கேட்காதீர்கள். அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் ஆமாம் என்பார். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பெயர்ப் பட்டையோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு கணக்குகளைப் போட்டுக் காட்டுகிறேன்.

சேலைன் 1000 மி.லி., 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். டிரிப் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. மொத்தச் சொட்டு 1000 × 20 = 20,000. மொத்த நிமிடம் 8 × 60 = 480. வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. வார்டில் ஒரு நிமிடம் முழுக்க நின்று சரிசெய்வது சிரமம் என்பதால் 15 விநாடிக்குப் பத்தோ பதினொன்றோ வருமாறு திருகியை வைத்துவிட்டு, அப்புறம் முழு நிமிடம் எண்ணி உறுதி செய்வார்கள். செட்டின் உறையில் எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருக்கும். குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60. அதைப் பார்க்காமல் பழக்கத்தில் 20 என்று வைத்துக்கொண்டால் நோயாளிக்குப் போய்ச் சேர்வது வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான்.

இரண்டாவது, 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 × 15 = 180 மி.கி. கையில் உள்ள சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. எனவே 180 ÷ 120 × 5 = 7.5 மி.லி. சரி, இதே மருந்து 5 மி.லி.க்கு 250 மி.கி. என்ற செறிவிலும் வருகிறது. அந்தப் பாட்டிலை எடுத்து அதே 7.5 மி.லி. கொடுத்தால் குழந்தைக்குள் போவது 375 மி.கி., தேவையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். சரியான அளவு 3.6 மி.லி. அதனால்தான் "எத்தனை மி.லி.?" என்ற கேள்விக்கு முன்னால் "எந்தப் பாட்டில்?" என்று கேட்கச் சொல்கிறார்கள்.

எழுதும் பழக்கமும் பாடத்தில் வரும். அரை மில்லிகிராமை 0.5 என்று எழுத வேண்டும். முன்னால் பூஜ்யம் இல்லாவிட்டால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். ஐந்தை 5.0 என்று எழுதக் கூடாது, 50 ஆகிவிடும். இன்சுலினை அலகு என்று முழுச் சொல்லாக எழுதுங்கள். U என்ற ஓரெழுத்துச் சுருக்கம் பூஜ்யமாகப் படிக்கப்பட்டு விபத்தாகியிருக்கிறது. தினமும் ஐந்து கணக்கு போடுங்கள். விடை வந்ததும் "இது நம்பும்படி இருக்கிறதா?" என்று பாருங்கள். ஒரு வேளைக்கு 14 மாத்திரை என்று வந்தால் நோயாளியைத் தேடிப் போகாதீர்கள், கணக்கைத் தேடிப் போங்கள்.

5. கேர் பிளான் என்ற காகிதக் குவியல்

மாணவர்கள் மிகவும் வெறுப்பது இதைத்தான். நோயாளி ஒருவரை எடுத்துக்கொண்டு மதிப்பீடு, நர்சிங் கண்டறிதல், திட்டம், செயல், மறுமதிப்பீடு என்று ஐந்து பத்தியில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். நள்ளிரவில் சீனியர் எழுதியதைப் பார்த்துக் காப்பியடிப்பவர்கள் எல்லா விடுதியிலும் உண்டு. ஆனால் நர்ஸ் போலச் சிந்திப்பதைச் சொல்லித் தருகிற ஒரே பயிற்சி இது. வார்டில் சேர்ந்த பிறகு இந்த ஐந்தும் அரை நிமிடத்தில் தலைக்குள் ஓடும். அதற்கான மெதுவான ஒத்திகைதான் அந்தக் காகிதம்.

மருத்துவர் நிமோனியா என்று எழுதுவார். நீங்களும் நிமோனியா என்று எழுதினால் ஆசிரியர் கோடு போட்டு அடித்துவிடுவார். நோய் மருத்துவருடைய கணக்கு, அந்த நோயால் இந்த மனிதருக்கு இப்போது எது முடியவில்லை என்பது உங்கள் கணக்கு. "சளி கெட்டியாக இருக்கிறது, இருமியும் வெளியே வரவில்லை, மூச்சுக்குழாயைத் தானே சுத்தம் செய்துகொள்ள முடியவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 28." இப்படி எழுதினால் என்ன செய்ய வேண்டும் என்பது அதற்குள்ளேயே தெரிந்துவிடுகிறது: தலைமாட்டை உயர்த்துவது, தடை இல்லாவிட்டால் நீராகாரத்தைக் கூட்டுவது, ஆழ்ந்து மூச்சிழுத்து இருமச் சொல்லித் தருவது, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிப் படுக்க வைப்பது.

குறிக்கோளை எழுதும்போது "நோயாளி நலமாக இருப்பார்" என்று எழுதாதீர்கள். அதை யாரால் அளக்க முடியும்? "மாலைக்குள் மூச்சு 24-க்குக் கீழே வரும், தானே இருமிச் சளியைத் துப்புவார்" என்று எழுதுங்கள். மாலையில் போய்ப் பார்க்கலாம், வந்ததா வரவில்லையா என்று. வரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, திட்டத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வராததை வந்ததாக எழுதினால்தான் சிக்கல். எண்ணினதா, எழுதினதா என்ற அதே கேள்வி இங்கேயும் வரும்.

6. துறைவாரிப் பாடங்கள்

இரண்டாம் ஆண்டிலிருந்து இவை வரிசையாக வரும். மருத்துவ, அறுவை சிகிச்சை நர்சிங்தான் ஆகப் பெரிய பாடம். இதயம், சிறுநீரகம், சர்க்கரை நோய், பக்கவாதம், எலும்பு முறிவு, புற்றுநோய், அறுவைக்கு முன்னும் பின்னும் என்று முடியவே முடியாது. நோயை ஒரு கதையாகப் படியுங்கள்: உடம்பில் என்ன கெட்டது, அதனால் என்ன அறிகுறி வந்தது, அதற்கு என்ன செய்கிறோம், எது நடந்தால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். நினைவு நிலையை அளக்க கிளாஸ்கோ அளவுகோல் வரும். 1974-இல் வெளியானது, கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15, மிகக் குறைந்தது 3. இறந்தவருக்கும் 3 வரும் என்று தேர்வில் கேட்டு மடக்குவார்கள்.

மகப்பேற்றில் பிரசவத்தின் கட்டங்கள், பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று காட்டும் பார்ட்டோகிராஃப் வரைவது, கருவின் இதயத்துடிப்பு 110 முதல் 160-க்குள் இருக்கிறதா என்று கேட்பது எல்லாம் உண்டு. பலரும் குழந்தை பிறந்த அந்த நொடியைத்தான் நினைத்து வருகிறார்கள். ஆசிரியர் உங்களை நிறுத்துவதோ அதற்கு அடுத்த இரண்டு மணி நேரத்தில். கையைத் தாயின் தொப்புள் அருகே வைத்துப் பார்க்கச் சொல்வார். கர்ப்பப்பை பந்துபோல் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்று இருந்தால் ரத்தப்போக்கு வரப்போகிறது, தேய்த்துக் கொடுத்துக்கொண்டே உதவிக்குக் கூப்பிட வேண்டும். இன்னொரு பக்கம் குழந்தைக்கு அப்கார் மதிப்பெண். வர்ஜீனியா அப்கார் என்ற மயக்கவியல் மருத்துவர் 1952-இல் வகுத்தது. துடிப்பு, மூச்சு, தசை விறைப்பு, எதிர்வினை, நிறம் என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை, பிறந்த 1-ஆவது நிமிடத்திலும் 5-ஆவது நிமிடத்திலும்.

குழந்தைகள் நலத்தில் வளர்ச்சிப் படிகள், தடுப்பூசி, நீரிழப்பு, எடைவாரி மருந்தளவு. குழந்தை என்பது சின்ன உருவப் பெரியவர் கிடையாது என்று ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பச்சிளம் குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 மூச்சு இயல்பு, அதே 40 உங்களுக்கு என்றால் ஆபத்து.

மனநலப் போஸ்டிங்குக்குப் போகும் முன் எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கும். முதல் நாள் முடிந்ததும் பயம் போய் ஒரு குழப்பம் வரும்: "இங்கே நான் என்ன வேலை செய்கிறேன்? சும்மா பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்?" அந்தப் பேச்சுதான் வேலை. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் தெரியும். "எல்லாம் சரியாகிவிடும்" என்ற நம் வழக்கமான ஆறுதல் எதிரே இருப்பவரின் பேச்சை நிறுத்திவிடும் என்றும் அங்கேதான் தெரியும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற நம்பிக்கை தவறானது. கேட்கத்தான் வேண்டும், நேராக, அமைதியாக.

சமூக நலச் செவிலியத்தில் வார்டை விட்டு வீடுகளுக்குப் போவீர்கள். 1978-இல் அல்மா அட்டாவில் நடந்த மாநாட்டின் ஆரம்ப சுகாதாரப் பிரகடனம், தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் குளிர்ச்சங்கிலி, நோய்ப்பரவலியல் எல்லாம் இங்கே. மருத்துவமனையில் நோயாளி நம் இடத்துக்கு வருகிறார், விதி நம்முடையது. வீட்டில் நாம் விருந்தாளி. கதவருகே நின்று அனுமதி கேட்கக் கற்றுக்கொள்வதும் பாடம்தான்.

7. கடைசி ஆண்டு: ஆராய்ச்சி, நிர்வாகம், பொறுப்பு

தீவிர சிகிச்சை, அவசரப் பிரிவு, நர்சிங் நிர்வாகம், நெறிமுறை, சட்டம், ஆராய்ச்சி. மார்பழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்பதைப் பொம்மையின் மேல் வியர்க்க வியர்க்கப் பழகுவீர்கள்.

புள்ளியியல் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நைட்டிங்கேலைச் சொல்வேன். கையில் விளக்கோடு வார்டில் நடந்தவர் என்றுதான் எல்லோரும் அறிவோம். 1854-இல் கிரைமியப் போர்க்கால மருத்துவமனைக்குப் போய்வந்தவர், போர்க்காயத்தைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால்தான் சிப்பாய்கள் அதிகம் இறந்தார்கள் என்பதை 1858-இல் வட்ட வரைபடங்களாகப் போட்டுக் காட்டினார். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்சிங் பள்ளி தொடங்கியது அதற்குப் பிறகுதான். எண்ணியவர் அவர், அதனால்தான் அவர் பேச்சு எடுபட்டது.

மருத்துவருக்கு எப்படித் தகவல் சொல்வது என்பதையும் முறையாகப் பழக்குவார்கள். "டாக்டர், எட்டாம் நம்பர் ஒரு மாதிரி இருக்கிறார்" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, நான் கேட்பது என்ன என்று நான்கு வரி. "எட்டாம் கட்டில் நோயாளிக்கு மூச்சு காலையில் 18, இப்போது 30. நேற்று வயிற்றில் அறுவை ஆனவர். நிலைமை மோசமாகிறது என்று நினைக்கிறேன். உடனே வந்து பார்க்க வேண்டும்." மூன்றாவது வரியைச் சொல்லத்தான் மாணவர்களுக்கு வாய் வராது.

8. தேர்வும் தற்காப்பும்

எழுத்துத் தேர்வு தவிரச் செய்முறைத் தேர்வும் உண்டு. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, மணி அடித்தால் அடுத்த மேசை. ஆஸ்கி என்பார்கள். அங்கே தோற்பவர்களில் பெரும்பாலோர் வேலை தெரியாமல் தோற்பதில்லை. பொம்மைதானே என்று கை கழுவாமல், பெயர் கேட்காமல், திரை போடாமல் தொடங்கிவிடுவார்கள். செய்த வேலைகளைப் பதியும் லாக்புக்கில் அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஆண்டுக் கடைசியில் சீனியரைத் தேடி ஓடும் கூட்டத்தில் சேராதீர்கள்.

போஸ்டிங் தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைப் போட்டு முடித்துவிடுங்கள். வழக்கமாக மூன்று தவணை, மாதங்கள் ஆகும், எனவே இப்போதே தொடங்க வேண்டும். குத்திய ஊசிக்கு இரு கையாலும் மூடி போடாதீர்கள், நேராகக் கூர்ப்பொருள் டப்பாவில் போடுங்கள். குத்திவிட்டால் மறைக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அந்த நிமிடமே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேண்டியிருந்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பயந்து இரண்டு நாள் ஒளித்து வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

முதல் மரணத்தையும் படிப்புக் காலத்திலேயே பார்த்துவிடுவீர்கள். அன்று அழுதால் தப்பில்லை. கூட இருந்த சீனியரிடம் பேசிவிட்டு அறைக்குப் போங்கள், பேசாமல் போகாதீர்கள். இறந்த உடலைத் துடைத்து, கண்ணை மூடி, துணி போர்த்துவதும் செய்முறைப் பட்டியலில் இருக்கிறது. அதைச் செய்யும்போதும் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள், "இப்போ உங்களைத் திருப்பப் போறேன்" என்று.

பட்டம் வாங்கியதும் வேலை செய்துவிட முடியாது. அந்தந்த நாட்டு நர்சிங் மன்றத்தில் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும், பல நாடுகளில் அதற்குத் தனித் தேர்வு உண்டு. வெளிநாடு போக நினைப்பவர்கள் போஸ்டிங் மணி நேரச் சான்றுகளை முதல் ஆண்டிலிருந்தே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள்.

வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு வேலை. இன்றிரவு வீட்டில் யாராவது தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மார்பு ஏறி இறங்கினால் ஒன்று. இருபதாவது விநாடியிலேயே "போதும், மூன்றால் பெருக்கிக்கொள்ளலாம்" என்று தோன்றும். பெருக்காமல் அறுபதாவது விநாடி வரை எண்ணி, தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.